டெக்சஸ் வகுப்பறையில் பத்துக் கட்டளைகள்: வாயை மூடிக்கொண்டு இருப்பதா, போய்ப் பேசுவதா?

டாலஸ்வாசி (2025 நவம்பர் 5)

டாலஸுக்கு வடக்கே பதினோரு வருடமாக இருக்கிறோம். மகள் நாலாம் வகுப்பு, அரசுப் பள்ளி. போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, பெரியவங்க ஆகறது தப்பா?" என்று கேட்டாள். யாரும்மா சொன்னது என்றால், வகுப்புச் சுவரிலேயே போட்டிருக்கிறதாம், 'அடல்ட்ரி' (விபசாரம்) கூடாது என்று. அடல்ட் ஆகக் கூடாது என்று அவளாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். நானும் மனைவியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

விஷயம் உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். ஜூனில் கவர்னர் ஆபட் கையெழுத்துப் போட்ட எஸ்.பி. 10 (செனட் மசோதா 10) சட்டம், செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளி வகுப்பறை ஒவ்வொன்றிலும் பைபிளில் வருகிற பத்துக் கட்டளைகள் போஸ்டர் மாட்ட வேண்டும். குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம், வகுப்பின் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் படிக்கிற மாதிரி எழுத்து. யாராவது நன்கொடையாகக் கொண்டுவந்து கொடுத்தால் பள்ளி மறுக்க முடியாது. ஆகஸ்டில் சான் அன்டோனியோவில் ஒரு ஃபெடரல் நீதிபதி பதினொரு பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குத் தடை கொடுத்தார், பிளேனோ, ஆஸ்டின், ஹூஸ்டன் எல்லாம் அதில் வந்துவிட்டன, எங்களுடையது வரவில்லை. அதனால் கடிகாரத்துக்குக் கீழே, வாய்ப்பாட்டு அட்டைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இப்போது என் குழப்பம். நான் திருச்சியில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவன். காலையில் அசெம்பிளியில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" சொல்லித்தான் வகுப்புக்குள் போவோம், இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் முழுசாகச் சொல்வேன். சாயங்காலம் அதே வாயால் கந்த சஷ்டி கவசம். வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. அப்படி வளர்ந்த எனக்கு இந்தப் போஸ்டர் ஏன் உறுத்துகிறது? நான் இரட்டை வேஷம் போடுகிறேனா?

அடுத்தது, எஸ்.பி. 11 என்று இன்னொன்று. பள்ளியில் தினமும் பிரார்த்தனைக்கும் மத நூல் வாசிக்கவும் நேரம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொரு பள்ளி போர்டும் மார்ச் 1-க்குள் ஓட்டுப் போட்டாக வேண்டும். எங்கள் போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருவார்கள். போய்ப் பேசலாம் என்று எனக்கு. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் மைக்கைப் பிடிக்கலாமா என்று மனைவிக்கு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாதிவக்கீல்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசில் ஃபைல் தூக்குகிறவன், அதற்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டை வேஷம் எல்லாம் இல்லை. உங்கள் திருச்சிப் பள்ளி ஒரு சபை நடத்திய பள்ளி. உங்கள் அப்பா தெரிந்தே போய் வரிசையில் நின்று ஃபாரம் வாங்கிச் சேர்த்தார். இங்கே கட்டளை போடுவது சட்டசபை, இடம் எல்லோருடைய சொத்து வரியிலும் ஓடுகிற பள்ளி. சாமி ஒன்றாக இருக்கலாம், மாட்டுகிற கை வேறு.

அந்த 16க்கு 20 என்ற அளவைக் கவனித்தீர்களா? 1978-ல் கென்டக்கி மாநிலம் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. அதிலும் 16க்கு 20 அங்குலம். அதிலும் நன்கொடைப் பணம். 1980-ல் ஸ்டோன் எதிர் கிரகாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதைத் தூக்கி எறிந்தது. பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும், தியானிக்க வேண்டும், ஒருவேளை வணங்கவும் கீழ்ப்படியவும் வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு பயன் எதுவும் இல்லை, அது அரசின் வேலையும் இல்லை என்று. நாற்பத்தைந்து வருடம் கழித்து அதே அளவில் அதே போஸ்டரை மாட்டச் சொல்கிறார்கள் என்றால் அது மறதி இல்லை. தோற்றாலும் பரவாயில்லை, மேலே மேலே கொண்டுபோய் அந்தப் பழைய தீர்ப்பையே உடைக்கலாம் என்ற கணக்கு. 2022-ல் ஒரு ஃபுட்பால் கோச் மைதானத்து நடுவில் முழங்கால் போட்டு ஜெபித்த வழக்கில் (கென்னடி எதிர் பிரெமர்டன், 6-3) பழைய 'லெமன்' அளவுகோலை (சட்டத்துக்கு மதம் சாராத நோக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது) கைவிட்டு, இனி வரலாறும் மரபும்தான் பார்ப்போம் என்றார்கள். ஸ்டோன் தீர்ப்பு நின்றதே அந்த லெமன் மேல்தான். கீழே இருந்த செங்கலை உருவியாகிவிட்டது, சுவர் விழுகிறதா என்று தள்ளிப் பார்க்கிறார்கள்.

முதலில் தள்ளியது லூசியானா, 2024 ஜூன். அங்கே அளவு 11க்கு 14. பிடிக்காத பெற்றோர் என்ன செய்வது என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம் பார்க்காதே என்று பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றார் கவர்னர் லேண்ட்ரி. ஐந்தாவது சர்க்யூட் என்கிற ஃபெடரல் அப்பீல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் இந்த ஜூனில் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள், அக்டோபரில் முழு அமர்வு அதை ரத்து செய்துவிட்டுத் தானே கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டது. டெக்சஸும் அதே நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறது. ஆக உங்கள் மகளின் கடிகாரத்துக்குக் கீழே இருப்பது வகுப்பறை போஸ்டர் இல்லை, உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய மனு.

குளச்சல்காரன்

ஹூஸ்டனில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. குடும்பம், அப்பச்சன் காலத்திலிருந்து. ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை மனப்பாடம் சொல்லித்தான் எனக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். இப்போதும் ஊரில் இருக்கிறது. அதனால் என்னை யாரும் மத விரோதி என்று சொல்ல முடியாது.

எனக்கு இந்தப் போஸ்டர் பிடிக்கவில்லை. முதல் காரணம், யாருடைய பத்து? எங்களுக்கு விபசாரம் செய்யாதிருப்பாயாக என்பது ஏழாவது. கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபைக்கும் அது ஆறாவது. அவர்கள் வேறே தேவர்கள் கூடாது என்பதையும் சொரூபம் செய்யாதே என்பதையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணி, இச்சிக்காதே என்பதைக் கடைசியில் இரண்டாகப் பிரிப்பார்கள். யூதர்களுக்கோ "நானே உன் தேவனாகிய கர்த்தர்" என்பதே முதல் வாக்கு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கத்தோலிக்கர்கள் மாதா சிலையைச் சொரூபம் என்றுதான் சொல்வார்கள், நாங்கள் அதே வார்த்தையை யாத்திராகமத்தில் படித்துவிட்டு அவர்களைச் சீண்டுவோம். சின்ன வயதில் இதற்காகவே கடற்கரையில் கல்லெறிந்திருக்கிறோம். இந்த வரியைக் கொண்டுபோய் டெக்சஸ் அரசாங்கம் வகுப்பில் மாட்டினால், வேளாங்கண்ணி மாதா படம் வைத்த பையோடு வருகிற பிள்ளைக்கும் அது குத்தும், பிள்ளையார் டாலர் போட்ட உங்கள் மகளுக்கு மட்டும் இல்லை.

இது கற்பனைப் பயம் இல்லை சகோ. 1844-ல் ஃபிலடெல்ஃபியாவில் அரசுப் பள்ளியில் எந்த பைபிளை வாசிப்பது என்ற சண்டைதான் கலவரமாக வெடித்தது. புராட்டஸ்டன்ட்காரர்களின் கிங் ஜேம்ஸ் பைபிள் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார்கள் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். சர்ச்சுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான். இன்றைக்கு டெக்சஸ் போஸ்டரில் இருப்பதும் கிங் ஜேம்ஸ் வாசகத்தைச் சுருக்கியதுதான், ஆஸ்டினில் சட்டசபை வளாகத்துக் கல்லில் இருக்கிறதே, அதே. எங்கள் தமிழ் வேதாகமத்தில் கடைசிக் கட்டளையில் பிறனுடைய மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை என்று வரும். இங்கே எருதும் கழுதையும் போய்ப் பொதுவாக 'கால்நடை' ஆகிவிட்டது. தேவ வசனத்தை ஒரு கமிட்டி உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறது, அதைச் சட்டமன்றத்தில் ஓட்டுக்கு விட்டிருக்கிறார்கள், எனக்கு அதுவே கூசுகிறது.

இந்த வேடிக்கையையும் கேளுங்கள். சட்டசபையில் இதை விவாதித்தது ஒரு சனிக்கிழமை, இறுதி ஓட்டு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொல்கிற மசோதாவை யூதர் ஓய்வுநாளிலும் கிறிஸ்தவர் ஓய்வுநாளிலும் வேலை பார்த்து நிறைவேற்றினார்கள். ஜேம்ஸ் டலரிக்கோ என்ற உறுப்பினர், இறையியல் படிப்பவர், அதைச் சொல்லித் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைப்போமே என்றார். கேட்கவில்லை.

சபைக்கு ஆள் வரத்து குறைவதுதான் இதற்கெல்லாம் வேர் என்பது என் அபிப்பிராயம். ப்யூ ஆய்வு மையக் கணக்கில் 2007-ல் அமெரிக்கர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள், 2023-24-ல் 62. பெஞ்சில் உட்காரும் பிள்ளை குறைந்தால் பாஸ்டர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நடக்க வேண்டும். அதற்குப் பதிலாக அரசாங்கத்தை விட்டு ஆணி அடிக்கச் சொல்வது சோம்பேறித்தனம். 1801-ல் டான்பரி ஊர் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு எழுதியதே, எங்கள் மத சுதந்திரம் அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற சலுகையாக இருக்கக் கூடாது என்றுதான். அதற்கு அவர் எழுதிய பதிலில்தான் மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் பிரிவினைச் சுவர் என்ற வார்த்தையே வருகிறது. இன்றைக்கு அதே பாப்டிஸ்ட் பெயரைச் சொல்லிக்கொண்டு சுவரை இடிக்க நிற்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

லோன்ஸ்டார்ராமன்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கம் சொல்கிறேன், திட்டாதீர்கள்.

நான் இந்து, தினமும் சந்தியாவந்தனம் செய்கிறவன். எனக்கு இந்தப் போஸ்டரால் ஒரு நஷ்டமும் இல்லை. கொல்லாதே, திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, அப்பா அம்மாவை மதி. இதில் எது கெட்டது? டாலர் நோட்டில் கடவுளை நம்புகிறோம் என்று 1957-லிருந்து அச்சடித்திருக்கிறது, அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும்போது யாருக்கும் உறுத்தவில்லை. உச்ச நீதிமன்றக் கட்டடத்திலேயே மோசே உட்கார்ந்திருக்கிறார். 2024-ல் இந்த மாநிலம் டிரம்ப்புக்கு 56 சதவீதம் போட்டது. பிடித்துத்தானே வந்தோம், வீடு வாங்கினோம், மாநில வருமான வரி இல்லை என்று ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தோம்?

இன்னொன்றைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். மேரிலாந்தில் மான்ட்கமரி கவுண்டியில் சின்னப் பிள்ளைகளுக்கு எல்.ஜி.பி.டி. கதைப் புத்தகம் வைத்தார்கள், எங்கள் பிள்ளையை அந்த நேரம் வெளியே அனுப்புங்கள் என்று கேட்ட பெற்றோரை முடியாது என்றார்கள். கேட்டவர்களில் முஸ்லிம், கத்தோலிக்கர், உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் எல்லோரும் உண்டு. அப்போது பெற்றோர் உரிமை என்று இங்கே எத்தனை பேர் இழை திறந்தார்கள்? அவர்கள் பக்கம் சுவரில் ஒட்டினால் கல்வி, இவர்கள் பக்கம் ஒட்டினால் திணிப்பா?

பாதிவக்கீல்

ராமன் சார், கேள்வி நியாயமானது, அதனால் பதில் சொல்கிறேன். அந்த மேரிலாந்து வழக்கில் (மஹ்மூத் எதிர் டெய்லர், 2025 ஜூன், 6-3) பெற்றோர்தான் ஜெயித்தார்கள். ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான், பிள்ளையை வெளியே அனுப்பக்கூட மாட்டேன் என்று அந்தக் கவுண்டி பிடிவாதம் பிடித்தது முட்டாள்தனம். ஆனால் அதே தீர்ப்பை இங்கே வைத்துப் பாருங்கள். கதைப் புத்தகத்தை மூடலாம், அந்த நேரம் பிள்ளை லைப்ரரியில் உட்காரலாம். கடிகாரத்துக்குக் கீழே தொங்குவதிலிருந்து எந்த நேரம் எங்கே அனுப்புவீர்கள்? வருஷம் பூராவும் லைப்ரரியிலா? பெற்றோர் உரிமைதான் உங்கள் கட்சி என்றால் நீங்கள் எஸ்.பி. 10-ஐ எதிர்க்க வேண்டிய ஆள்.

உச்ச நீதிமன்ற மோசே பற்றி: அந்தக் கோர்ட் அறைச் சுவரில் அவரோடு ஹம்முராபி, கன்பூசியஸ், முகமது நபி எல்லோரும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். டெக்சஸ் வகுப்பில் அந்த வரிசையை மாட்டச் சொன்னால் நானே கைக்காசு போட்டு ஃபிரேம் வாங்கித் தருகிறேன்.

நீங்கள் சொன்ன கொல்லாதே திருடாதே எல்லாம் சரி. வேறே தேவர்கள் கூடாது என்கிற முதல் வரியை ஏன் விட்டுவிட்டீர்கள் சார்? அது உங்கள் சந்தியாவந்தனத்தைப் பற்றியது.

லோன்ஸ்டார்ராமன்

முதல் வரியை நான் என் பிள்ளைக்கு வீட்டில் விளக்கிக்கொள்வேன். அதற்குத்தானே நான் இருக்கிறேன். மற்றபடி மஹ்மூத் பாயிண்ட் யோசிக்க வேண்டியது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆஸ்டின் அத்தை

மூன்று வருடமாகப் பள்ளிகளில் சப்ஸ்டிட்யூட் டீச்சராகப் போகிறேன். தினம் ஒரு வகுப்பு, தினம் ஒரு சுவர். எங்கள் பக்கம் தடை இருப்பதால் போஸ்டர் இல்லை, ஆனால் பேச்சு எல்லாம் அதுதான். ஸ்டாஃப் ரூமில் மைக்ரோவேவ் பக்கத்தில் நின்று இரண்டு டீச்சர் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி பக்தியான மெதடிஸ்ட். பிள்ளை அர்த்தம் கேட்டால் நான் சொன்னாலும் மாட்டுவேன், சொல்லாவிட்டாலும் மாட்டுவேன் என்றாள். விளக்கினால் மதம் போதித்த மாதிரி, வாயை மூடினால் சுவரில் இருப்பது என்னவென்று டீச்சருக்கே தெரியவில்லை என்ற மாதிரி. நாலாம் வகுப்புக்கு அடல்ட்ரி என்ன என்று எந்தச் சட்டத்திலும் எழுதிவைக்கவில்லை தம்பி, அது உன் தலையில்தான் விடியும்.

ராமன் சொல்கிற மாதிரி நமக்கென்ன என்று இருக்கலாம்தான், அவர்கள் அப்படி விட்டால். சுகர் லேண்டில் 90 அடி அனுமன் சிலை நம் ஆட்கள் சொந்தப் பணத்தில், சொந்தக் கோயில் வளாகத்தில் வைத்தது. போன செப்டம்பரில் செனட்டுக்கு நிற்கிற ஒரு குடியரசுக் கட்சிக்காரர், டெக்சஸில் பொய்த் தெய்வத்தின் பொய்ச் சிலைக்கு என்ன வேலை, நாம் கிறிஸ்தவ நாடு என்று எழுதினார், அதற்கு ஆதாரமாகச் சொன்னதே இந்தக் கட்டளைகளைத்தான். போன வாரம் துணை ஜனாதிபதி வான்ஸ், மிசிசிப்பியில் அத்தனை மாணவர்கள் முன்னால், தன் மனைவியும் ஒருநாள் தன்னைப் போலவே கிறிஸ்துவிடம் வருவார் என்று நம்புவதாகச் சொன்னார். புருஷன் பெண்டாட்டி விஷயம், அவர்கள் பாடு. ஆனால் இந்துவாக வளர்ந்த பெண், நாட்டின் இரண்டாவது பெரிய வீட்டில் இருக்கிறவள், அவளுக்கே இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது என்று மேடையில் சொல்லும்போது அரங்கம் கை தட்டியது. எனக்கு அந்தக் கைதட்டல்தான் கேட்டது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். போர்டு கூட்டத்தில் பேச சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை, போகிறவர்கள் போகிறார்கள். முன்னாலேயே பெயர் கொடுக்க வேண்டும், ஊர் ஊருக்கு விதி வேறு, உங்கள் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்டில் பார். ஆனால் உன் பெண்டாட்டி பயப்படுவதைச் சும்மா பயம் என்று தள்ளாதே. மார்ச்சில் மாசசூசெட்ஸில் ஒரு துருக்கி மாணவியை, காலேஜ் பத்திரிகையில் கட்டுரை எழுதினாள் என்பதற்காகத் தெருவில் வைத்து முகமூடி போட்டவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அது வேறு விஷயம், பாலஸ்தீனம் பற்றியது, பள்ளிப் போஸ்டருக்கு யாரும் அப்படி வரப்போவதில்லை. ஆனாலும் பத்து வருஷம் முன்னால் இருந்த தைரியத்தில் நான் இப்போது உன்னைப் போ என்று சொல்ல மாட்டேன். கூட்டம் வீடியோவில் போகும், ஒரு துண்டை வெட்டி எவனாவது போட்டால் போதும், அப்புறம் ஆபீஸ், பக்கத்து வீடு எல்லாம் பார்க்கும். நான் சிட்டிசன் ஆகி ஒன்பது வருடம், நான் பேசுவேன். நீ யோசி.

குளச்சல்காரன்

அத்தை சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: உங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிற யாரிடமாவது பேசிப் பாருங்கள். கவர்னர் கட்சிக்கு ஓட்டுப் போட்ட பாப்டிஸ்ட் தாத்தா ஒருத்தர் மைக்கில் நின்று வேண்டாம் என்று சொன்னால் அது நம் பத்து பேர் சொல்வதற்குச் சமம். என் சபையில் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள், உங்கள் டிஸ்ட்ரிக்ட் இல்லை என்பதுதான் பிரச்சினை. அப்புறம் எஸ்.பி. 11-ல் ஒரு கொக்கி உண்டு, பாருங்கள்: பிரார்த்தனை நேரத்துக்குப் பிள்ளையை அனுப்ப விரும்புகிற பெற்றோர் கையெழுத்துப் போடுகிற தாளிலேயே வழக்குப் போடும் உரிமையையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

டாலஸ்வாசி (2025 நவம்பர் 9)

எல்லோருக்கும் நன்றி, ராமன் சார் உட்பட. ஒரு விஷயம் நடந்தது, சொல்லிவிடுகிறேன்.

நேற்று மனைவி இந்த இழையை முழுதாகப் படித்தாள். விசாவைப் பற்றி அத்தை எழுதியதைப் படித்துவிட்டு, பார்த்தாயா என்று என்னைப் பார்த்தாள். அப்புறம் குளச்சல்காரர் எழுதிய கடைசிக் கட்டளையில் வந்து நின்றாள். போஸ்டரில் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்டாள். மகள் மனப்பாடமாகச் சொன்னாள்: பிறனுடைய வீடு ஒரு வரி, அதற்கு அடுத்த வரியில் மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, மற்றும் பிறனுக்குள்ள எதுவும்.

"பொண்டாட்டியை மாட்டோட சேர்த்து எண்ணி, அதை என் பொண்ணு தினமும் ஏழு மணி நேரம் பார்க்கணுமா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் விழுந்திருக்கும்.

மைக் வேண்டாம் என்பதில் அவள் மாறவில்லை. ஆனால் ராத்திரி பதினொன்றரை வரை லேப்டாப்போடு உட்கார்ந்து போர்டு டிரஸ்டிகள் ஏழு பேருக்கும் தனித்தனியாக மெயில் அனுப்பிவிட்டாள், அவள் பெயரில், என் பெயர் இல்லாமல். மூன்று பேரிடமிருந்து தானாக வருகிற பதில் வந்திருக்கிறது. எதிர் வீட்டுப் பெரியவர் ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் பேசலாம் என்று இருக்கிறேன், அவர் வீட்டு முன்னால் போன தேர்தலின் பலகை இன்னும் இருக்கிறது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

மகளுக்கு அடல்ட்ரிக்கு இன்னும் அர்த்தம் சொல்லவில்லை. அம்மாவிடம் கேள் என்றேன். அவள் அப்பாவிடம் கேள் என்றாளாம்.